"வேணும்னா கேஸ் போட்டுக்கோங்க"

கடைக்காரர்கள் இப்போதெல்லாம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், கவனித்தீர்களா? ஒரு காலத்தில் 'கன்ஸ்யூமர் கோர்ட்' என்று வாயெடுத்தாலே முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வருவார். இன்று அவரே நமக்கு அந்த வழியைக் காட்டுகிறார். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம்?

வாய்தாவிலிருந்துதான். என் அக்கா வாங்கிய ஃபிரிட்ஜில் வாரண்டி முடிவதற்குள்ளேயே கம்ப்ரஸர் போய்விட்டது. மெக்கானிக் வந்தார், போட்டோ எடுத்தார், போனார். வோல்டேஜ் கோளாறு, வாரண்டியில் வராது என்று ஒரு மெசேஜ். அக்கா விடவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும், பொருளை லேபில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்கிறது சட்டம். நடந்தது என்ன? ஒரு நாள் கம்பெனி வக்கீல் வரவில்லை. ஒரு நாள் பதில் மனு தயாரில்லை. இன்னொரு நாள் உட்கார உறுப்பினரே இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்காவுக்கு லீவு, சம்பளத்தில் பிடித்தம். ஆணையங்களின் காலியிடங்களை நிரப்பச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து அரசுகளை விரட்ட வேண்டியிருந்ததே!

இத்தனைக்கும் சட்டம் நல்ல சட்டம். அதுதான் வயிற்றெரிச்சல். முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1986 டிசம்பர் 24-ல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அதனால்தான் அந்த நாள் தேசிய நுகர்வோர் தினம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் இன்னும் இறங்கி வந்தது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

சரி, ஃபிரிட்ஜுக்காவது வழக்குப் போடலாம். பத்து ரூபாய்க்கு?

ராத்திரி பஸ் நிற்கிற மோட்டல் கடைகளைத்தான் சொல்கிறேன். தண்ணீர் பாட்டிலில் எல்லா வரியும் சேர்த்து 20 ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. கேட்பது 30. நான் விலையை விரல் வைத்துக் காட்டினேன். "கூலிங் சார்ஜ் சார்." கையில் இருந்த பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது! பில் கேட்டால் மெஷின் ரிப்பேராம். உட்காரவைத்துப் பரிமாறும் ஹோட்டல்கள் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் இங்கே யார் யாருக்குப் பரிமாறினார்கள்? நின்றபடி வாங்கி, நின்றபடி குடிக்கிறோம்.

பின்னால் நின்றவர், "பத்து ரூபாய்க்கு எதுக்கு சார் சண்டை, பஸ்ஸை எடுத்துடுவான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர் வேறென்ன சொல்வார்? ஆனால் ஒரு பஸ்ஸில் நாற்பது பேர், விடியும்வரை எத்தனை பஸ்? கணக்குப் போட்டுப் பாருங்கள், இது பத்து ரூபாயா?

இந்த மாதிரி சில்லறைத் திருட்டுக்கு ஜனங்கள் ஆணையத்துக்கு வரமாட்டார்கள். வரவும் முடியாது. ஊரையே பாதிக்கிற விஷயத்தில் யாருக்காகவும் காத்திராமல் தானே நடவடிக்கை எடுக்கலாம் என்றுதானே 2020-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தார்கள்? பாட்டில் விலையைச் சரிபார்க்க நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைக்கு ஆய்வாளர்கள் இருக்கிறார்களே? சாதாரண பயணி மாதிரி டிக்கெட் எடுத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கடையில் இறங்கி, ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கட்டும். அபராதச் சீட்டை அங்கேயே, அத்தனை பயணிகள் முன்னாலேயே எழுதட்டும்.