அரைகுறையாகவே காட்டுங்கள்

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தங்கைமார் விடுமுறையில் என்னைக் காணும்போது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தாத்தா, கம்பஸில கடைசி வருசம் செய்ற புரொஜெக்ட் நல்லாக் கஷ்டமா?" நான் சொல்லும் பதில் அவர்களுக்கு வியப்பாக இருக்கும். செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. செய்து முடிப்பதற்கு முன் அதை இன்னொருவரிடம் காட்டுவதுதான் கஷ்டம்.

நாம் அப்படிப் பழக்கப்படவில்லை. ஒப்படையை முத்து முத்தாக எழுதி, கரை போட்டு, உறையிட்டு, கடைசித் திகதியன்று கையளிப்பதே நமக்குத் தெரிந்த ஒழுங்கு. வெட்டுத்திருத்தம் விழுந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு முழுவதையும் மீண்டும் எழுதிய பிள்ளைகள் நாம். ஆசிரியையின் சிவப்புப் பேனா வேலை முடிந்த பின்னர்தான் வரும். வரும்போது புள்ளியோடு வரும். இந்தப் பழக்கத்தைச் சுமந்துகொண்டு இடைவினை ஊடகக் கலை படிக்கப் போன நான், இறுதியாண்டில் இரண்டு மாதங்களை வீணாக்கினேன். அந்த வீணான இரண்டு மாதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அது என்ன கலை என்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஓவியத்தை அறையில் பூட்டி வைத்தாலும் அது ஓவியமாகவே இருக்கும். இடைவினைக் கலை அப்படியன்று. பார்க்க வருபவர் தொட வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும். அதற்கு அது பதில் தர வேண்டும். 1999ஆம் ஆண்டு கமீல் அட்டர்பாக், ரோமி அகிட்டுவ் என்ற இரு கலைஞர்கள் 'டெக்ஸ்ட் ரெயின்' என்றொரு படைப்பைச் செய்தார்கள். திரையில் எழுத்துகள் மழையாக விழும். முன்னால் நிற்பவரின் உருவமும் அதே திரையில் தெரியும். அவர் கையை நீட்டினால் எழுத்துகள் கையில் தங்கும்; அகல விரித்தால் ஒரு சொல், சில வேளை ஒரு முழு வரியே சேரும். யாரும் நிற்காவிட்டால் எழுத்துகள் வீணாகக் கீழே விழுந்துகொண்டிருக்கும். இப்படியான ஒரு வேலையைத் தனியே அறைக்குள் இருந்து முடித்துவிட்டேன் என்று எவராலும் சொல்ல முடியாது. அதன் பாதி, பார்க்க வருபவரிடம் இருக்கிறது.

நான் பிறந்தது நோர்வூட்டில். மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வீதி பிரியும் அந்த பஜாரில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. கடையைச் சுற்றி எத்திசை பார்த்தாலும் தேயிலை. எனவே செயற்றிட்டத்தின் பொருள் என்ன என்று கேட்டபோது நான் யோசிக்கவேயில்லை: கொழுந்து பறிக்கும் பெண்கள். பெரிய தொடுதிரையில் அழகான மலைப் படங்கள். ஒரு கூடையைத் தொட்டால் அதைப் பற்றிய தகவல், ஒரு லயத்தைத் தொட்டால் அதன் வரலாறு. இதுதான் என் முதல் முன்மொழிவு.

என் மேற்பார்வையாளரான மெடம் அதை வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "இதத் தொடுறவங்க என்ன செய்றாங்க?" "படத்தத் தொடுறாங்க, மெடம்." "அது சரி. ஆனா, கொழுந்து பறிக்கிறவங்களோட வாழ்க்கையில எதச் செய்றாங்க?" எனக்குப் பதில் வரவில்லை. விடுதிக்கு வந்து அழுதேன். அவர் என் வேலையை நிராகரித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து காட்டினார் என்பது பிறகுதான் விளங்கியது.

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பு எண்ணாக மாறும் இடம் தராசு. மலையில் இருந்து கொழுந்தைச் சுமந்து வந்து மடுவத்தில் நிறுப்பார்கள். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அளவை எட்டினால் ஒரு பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம். ஆகவே தராசையே செய்வது என்று தீர்மானித்தேன். எடையை உணரும் சிறிய உலோகத் துண்டொன்றையும் ஓர் ஆர்டுயினோ பலகையையும் வாங்கினேன். பார்வையாளர் தம் பையைத் தட்டில் வைப்பார், எடை திரையில் தெரியும், ஒரு தொழிலாளியின் குரல் ஒலிக்கும்.

இங்கேதான் அந்த இரண்டு மாதங்கள் போயின. கம்பி ஒழுங்காக ஒட்டவில்லை, எண் துள்ளுகிறது, பெட்டியின் நிறம் சரியில்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி மெடத்தின் கண்ணில் படாமல் திரிந்தேன். கடைசியில் அவரே செய்தி அனுப்பினார்: "எப்படி இருந்தாலும் பரவாயில்ல. நாளைக்கு அப்படியே கொண்டு வாங்க."

பிஸ்கட் பெட்டி ஒன்றில் கம்பிகளைத் திணித்துக்கொண்டு போனேன். மெடம் கம்பியையும் பார்க்கவில்லை, கணனி நிரலையும் பார்க்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவர் மூவரைக் கூப்பிட்டு, என்னை மூலையில் நிற்கச் சொன்னார். ஒரு நிபந்தனை: நான் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் பைகளை வைத்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், யாருடைய பை பாரம் என்று சிரித்தார்கள், போய்விட்டார்கள். குரல் முடியும்வரை ஒருவர்கூட நிற்கவில்லை. எனக்கோ தொண்டை வரை விளக்கம் முட்டிக்கொண்டு நின்றது. "நீங்க பக்கத்தில நின்று விளக்கம் சொல்லணும்னா, அது இன்னும் உங்களுக்குள்ளதான் இருக்கு" என்றார் மெடம். பிறகு, "இத மலையில வேலை செய்ற யாருக்காவது காட்டினீங்களா?" என்று கேட்டார். இல்லை. காட்ட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர்களைப் பற்றிய வேலையை அவர்கள் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. இதை இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் கடையின் பின்னறையில் அந்தப் பெட்டியை வைத்தேன். பல வருடங்களாக எங்கள் கடையில் சாமான் வாங்கும் அம்மா ஒருவரை அழைத்துக் காட்டினேன். அவர் தம் சாமான் பையைத் தட்டில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது கழிக்காதா, புள்ள?"

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "மடுவத்துல நிறுத்தா சாக்குக்குக் கழிப்பாங்க, மழ பேஞ்சா தண்ணிக்குக் கழிப்பாங்க. நீ செஞ்ச தராசு ரொம்ப நல்ல தராசால்ல இருக்கு." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒங்க கடத் தராசும் எல்லா நாளும் ஒண்ணு போல இருக்காது" என்றார். வாப்பா முன்கடையில் கல்லாவில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

என் செயற்றிட்டம் பிறந்தது அந்த நிமிடத்தில்தான். இரண்டு மாதமாக நான் திருத்திக்கொண்டிருந்தது எண் சரியாகக் காட்டும் தராசை. செய்ய வேண்டியிருந்ததோ எண் குறைத்துக் காட்டும் தராசை. இறுதிக் கண்காட்சியில் இரண்டு தராசுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சாதாரணக் கடைத் தராசு. வாப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் தம் கடையில் இருந்து தூக்கித் தந்தது. மற்றது என்னுடையது. முதல் தராசில் நான்கு கிலோ நிறுத்த பை, என் தராசில் இரண்டரை கிலோ. விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வந்தவர்கள் பையை எடுத்து மீண்டும் வைத்தார்கள். "பழுது" என்றார்கள். சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் வந்த பிறகே அந்த அம்மாவின் குரலை நின்று கேட்டார்கள். தம் சொந்தப் பொருள் குறைத்து எண்ணப்பட்டால் மனிதருக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை.

இதிலிருந்து என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நல்ல வழிகாட்டி, நம் வேலையைத் திருத்தித் தருபவர் அல்லர். அதற்கு உரியவரிடம் அதை அனுப்பி வைப்பவர். மெடம் தாமே "எடையைக் குறைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால் அது அவருடைய படைப்பாகியிருக்கும். அவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்தவர் எங்கள் கடைக்கு வரும் அந்த அம்மா. மெடத்துக்குத் தெரிந்தது எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கொம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் 2011இல் வெளிவந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த 80 பேரிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவில் இருந்து வரைந்து தரச் சொன்னார் அவர். அந்தக் கோணல் கோடுகளை அவர் ஒதுக்கவில்லை. நூலுக்கே அவைதான் அத்திவாரம். மலையகத்தில் இருந்து யாழ்ப்பாணம் சென்று கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேநீர்க் கறையையே தம் ஓவியத்துக்கு நிறமாக்கியவர். நம் பகுதிப் பெண்களுக்கு இந்தப் பாதை புதிதல்ல என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காட்சிக் கலையும் தொழில்நுட்பக் கலையும் கற்கலாம்.

ஆனால் பின்னூட்டம் என்றாலே நன்மை என்று நான் சொல்லவில்லை. மேற்பார்வையாளரின் விருப்பமே மாணவியின் படைப்பாகிவிடும் ஆபத்து உண்டு. அறையை இருட்டாக்கி மெல்லிய சோக இசை வைக்கலாமா என்று மெடம் ஒருமுறை கேட்டார். நான் மறுத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை அழுகையாக மாற்ற எனக்கு மனமில்லை. காரணத்தைச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டார். ஆகவே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்த நாள், என்ன சொன்னார். எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். மறுப்பதற்குக் காரணம் எழுத முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் பிடிவாதமாகத்தான் இருக்கும்.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. நான் பயன்படுத்திய ஆர்டுயினோ பலகையின் கதையே அதற்குச் சாட்சி. இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்பு நிறுவனத்தில் 2003ஆம் ஆண்டு எர்னாண்டோ பராகான் என்ற கொலம்பிய மாணவர், மின்னணுவியல் படிக்காத கலைஞர்களும் இலகுவாகப் பயன்படுத்தக்கூடிய 'வயரிங்' என்ற தளத்தைத் தம் முதுமாணி ஆய்வாகத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டியவர்கள் மாசிமோ பான்சியும் கேசி ரீஸும். 2005இல் பான்சியும் வேறு சிலரும் 'வயரிங்'கை அடிப்படையாகக் கொண்டு ஆர்டுயினோவைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவில் பராகான் இல்லை. இன்று ஆர்டுயினோவை உலகமே அறியும். 'வயரிங்'கை அறிந்தவர் சிலரே. 2016இல் பராகான் தம் பக்கத்து வரலாற்றைத் தாமே விரிவாக எழுதி வெளியிட்டார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. யோசனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது நல்லது. போன வழி எழுதப்பட்டிருப்பது அதைவிட நல்லது.

ஆனால் பெயர் போடுவதையும் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. அந்த அம்மாவிடம் கேட்டேன். "கொரலு இருக்கட்டும், பேரு வேணாம் புள்ள. நாளைக்கும் நான் அதே மடுவத்துக்குத்தான் போகணும்" என்றார். ஆகவே என் ஆய்வறிக்கையில் மெடத்தின் பெயர் இருக்கிறது. அவருடைய பெயர் இல்லை. எடையைக் குறைக்கும் எண்ணம் என்னுடையதல்ல, ஒரு தொழிலாளியுடையது என்ற வாக்கியம் மட்டும் முதற் பக்கத்தில் இருக்கிறது.

கல்லூரிக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு மாதத்துக்கு முன் அரை நாளை ஒதுக்குங்கள். அன்று முடிந்த வேலை எதையும் எவரும் கொண்டுவரக் கூடாது. கம்பி தொங்கட்டும், பசை காயாமல் இருக்கட்டும். செய்த மாணவி மூலையில் பேசாமல் நிற்கட்டும். பார்க்க ஆசிரியைகளோடு, அந்த வேலை யாரைப் பற்றியதோ அவர்களையும் கூப்பிடுங்கள்; கடைக்காரர், உம்மாமார், மலையில் இருந்து வருபவர், யாராயினும் சரி.

இப்போது என் தராசு கடையின் பின்னறையில் துணி போர்த்தி இருக்கிறது. வாப்பாவின் தராசு முன்கடைக்கே திரும்பிவிட்டது. அந்த அம்மா சாமான் வாங்க வரும்போது வாப்பா இப்போதெல்லாம் தராசின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் நிறுக்கிறார்.