எக்ஸ்எம்எல் கோப்பை வரி வரியாகப் படிக்கலாமா?

கணிப்பொறிகளைப் பராமரிக்கும் நிலையங்களில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அமைப்புக் கோப்பு ஒன்றிலிருந்து ஒரு மதிப்பு வேண்டுமானால், ஊழியர் கிரெப் என்னும் கருவியைக் கொண்டு ஒரு சொல்லைத் தேடுகிறார். அகப்பட்ட வரியை செட் அல்லது ஆக் என்னும் கருவியிடம் கொடுத்து, மேற்கோட் குறிகளுக்கு இடையே இருப்பதை வெட்டி எடுக்கிறார். விடை உடனே கிடைத்துவிடுகிறது. அக்கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டால், நள்ளிரவில் யாரும் பார்க்காத வேளையில் அது தானே இயங்கி வருகிறது. ஒரு வரிக்கு ஒரு செய்தியாக எழுதப்பெற்ற கோப்புக்களுக்கு இம்முறை போதுமானதே. எக்ஸ்எம்எல் கோப்புக்களுக்கோ இது சிறிதும் பொருந்தாது. இதனைப் பயிற்சி வகுப்புக்களில் முதற்பாடமாகக் கற்பிப்பதும் விரும்பத்தக்கதன்று.

காரணம் எளியது. மேற்கூறிய மூன்று கருவிகளும் 1970-களில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானவை. அவற்றின் கண்ணுக்கு ஒரு கோப்பு என்பது வரிகளின் தொகுதி. 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிகளின்படியோ, கோப்பு என்பது ஒரு மரம்: உறுப்புக்குள் உறுப்பாகக் கிளைத்துச் செல்வது. ஓர் உறுப்பின் பண்புகளை ஒரே வரியில் எழுதலாம், பத்து வரிகளில் பரப்பியும் எழுதலாம். எப்பண்பையும் முன்னதாகவோ பின்னதாகவோ வைக்கலாம். ஒற்றை மேற்கோளோ இரட்டை மேற்கோளோ இடலாம். இவ்வளவு வேறுபாடுகளும் எக்ஸ்எம்எல் நோக்கில் ஒன்றே. வரியை நம்பிய ஸ்கிரிப்டுக்கு மட்டும் அவை வெவ்வேறு கோப்புக்கள்.

இதற்குத் தக்க உதாரணம் அப்பாச்சி டாம்கேட் ஆகும். நிலப்படங்களை இணையத்தில் வழங்கும் ஜியோசெர்வர் போன்ற மென்பொருள்கள் இதன்மேல் இயங்கக்கூடியவை. டாம்கேட் 9-இன் முதன்மை அமைப்பு, சர்வர் எக்ஸ்எம்எல் என்னும் கோப்பில் இருக்கிறது. அது எந்த போர்ட் எண்ணில் இயங்குகிறது என்று அறிய விரும்பும் ஊழியர், போர்ட் என்ற சொல்லைத் தேடி முதலில் வரும் விடையை எடுத்துக்கொள்வாரேயாயின், அவர் பெறுவது 8005. அது பொதுமக்களுக்குப் பக்கங்களை வழங்கும் வாயில் அன்று. சர்வரை நிறுத்தும் ஆணையைப் பெறுவதற்கான வாயில்! உண்மையில் வேண்டிய எண் 8080. அது பின்னர் கனெக்டர் என்னும் உறுப்பில் வருகிறது. அதற்கும் பின்னே அதே 8080 மீண்டும் ஒருமுறை தோன்றும். 8443 என்ற எண்ணும் தோன்றும். ஆனால் இவை குறிப்புரைக்குள் அடைக்கப்பட்டவை. டாம்கேட் இவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

குறிப்புரை தொடங்கும் வரிகளை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குறிப்புரையின் தொடக்கக் குறி தனி வரியில் இருக்கும். உள்ளே அடைபட்ட கனெக்டர் அடுத்த வரியில் இருக்கும். தொடக்க வரியை நீக்கினால் கைதி விடுதலையாகி நடமாடத் தொடங்குகிறார்.

இது வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்று பெயர் பெற்ற ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. 8009 என்ற எண்ணில் இயங்கிய ஏஜேபி கனெக்டர் வழியாக, வெளியார் ஒருவர் சர்வரிலுள்ள செயலியின் கோப்புக்களைப் படித்துவிடக் கூடும் என்று தெரியவந்தது. திருத்தமாக வெளிவந்த 9.0.31 பதிப்பில் அந்தக் கனெக்டர் குறிப்புரைக்குள் அடைக்கப்பட்டது. அத்துடன் அதை எழுதும் விதமும் மாறியது. பழைய கோப்பில் கனெக்டர் என்ற சொல்லை அடுத்து அதே வரியில் 8009 இருந்தது. புதிய கோப்பில் உறுப்பின் பெயர் ஒரு வரியிலும், எண் வேறொரு வரியிலும் அமைந்துள்ளன.

இம்மாறுதலால் சோதனை ஸ்கிரிப்டுகளுக்கு நேரக்கூடியதைக் கவனிக்க. 8009 என்ற எண்ணை மட்டும் தேடும் ஸ்கிரிப்ட், மூடப்பட்ட வாயிலைத் திறந்திருப்பதாக அறிவிக்கும். இதனால் வீண் அலைச்சல் மட்டுமே. பழைய வரியின் வடிவத்தைத் தேடும் ஸ்கிரிப்டோ இதனினும் கொடியது. ஒருவர் ஏதோ தேவைக்காகப் புதிய கோப்பில் குறிப்புரையை நீக்கி வாயிலைத் திறந்துவிட்டாலும், அது ஒன்றும் காணாமல் “பாதுகாப்பாக உள்ளது” என்றே நாள்தோறும் எழுதி வைக்கும். பிழையான எண்ணைக் கண்டால் மனிதன் ஐயுறுவான். நல்ல செய்தியைக் கண்டு ஐயுறுவோர் அரியர்.

மாற்று வழி கடினமானதன்று. லிப்எக்ஸ்எம்எல் தொகுதியுடன் வரும் எக்ஸ்எம்எல்லிண்ட் என்னும் கருவியும், எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் என்னும் கருவியும் ஷெல்லிலிருந்தே அழைக்கத் தக்கவை. இவை கோப்பை மரமாகவே படிக்கின்றன. 1999-இல் வகுக்கப்பெற்ற எக்ஸ்பாத் என்னும் வினாமொழியில் கேட்டதற்கு விடை தருகின்றன. “கனெக்டர் என்னும் உறுப்புக்களுள், புரோட்டோகால் பண்பு ஏஜேபி/1.3 என்றிருப்பதன் போர்ட் பண்பைத் தருக” என்று ஒரே வாக்கியமாகக் கேட்கலாம். குறிப்புரை, வரிமுறிவு, மேற்கோள் வகை எதுவும் குறுக்கே வாரா. ஆம்பர்சண்ட் போன்ற எழுத்துக்கள் கோப்பில் மறைகுறியாக எழுதப்பட்டிருக்கும். பண்பின் சரமதிப்பைக் கேட்டால் அவையும் உரிய உருவில் கிடைக்கும். தரவுத்தள முகவரியை வெட்டி எடுத்து இணைப்புக் கிடைக்காமல் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எனினும் கருவியை மாற்றியவுடன் கவனத்தைக் கைவிடலாகாது. சரமதிப்பைக் கேட்கும்போது உறுப்பு இல்லாவிட்டாலும் எக்ஸ்எம்எல்லிண்ட் வெற்றென்ற விடையைத் தந்து, வெற்றியுடன் முடிந்ததாகவே ஷெல்லுக்குச் சொல்லும். உறுப்புக்கள் பல இருந்தால் முதலாவதை மட்டும் தரும். ஆகவே எத்தனை உறுப்புக்கள் உள்ளன என்று முதலில் எண்ணச் செய்து, எதிர்பார்த்த எண்ணிக்கை வாராவிடில் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

மாணாக்கர் பெரிதும் இடறும் இடம் பெயர்வெளி. டாம்கேட்டின் அதே அடைவில் வெப் எக்ஸ்எம்எல் என்ற மற்றொரு கோப்பு உண்டு. அதில் செஷன் டைம்அவுட் என்ற உறுப்பின் மதிப்பு 30 நிமிடம் என்று கண்ணாரக் காணலாம். சர்வர் எக்ஸ்எம்எல்லில் பலித்த வினாவை இங்கே இட்டால் ஒன்றும் வாராது. கோப்பின் முதல் உறுப்பில் ஒரு பெயர்வெளி அறிவிக்கப்பட்டிருப்பதால், உள்ளிருக்கும் எல்லா உறுப்புக்களும் அதற்கு உரியனவாகிவிடுகின்றன. குடும்பப் பெயரின்றி அழைத்தால் அவை ஏன் என்று கேளா. லோக்கல் நேம் என்னும் எக்ஸ்பாத் செயற்கூற்றைக் கொண்டு வினவினால் விடை கிடைக்கும். இதை விளக்காமல் விட்ட ஆசிரியரின் மாணாக்கர், புதுக் கருவி பயனற்றது என்று முடிவு செய்து கிரெப்பிற்கே திரும்பிவிடுவர். அவர்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

தொலைவிலுள்ள நிலையங்களின் கணிப்பொறிகளில் இக்கருவிகள் நிறுவப்பட்டிரா, கிரெப் மட்டும் எங்கும் உண்டு என்பது களப்பணியாளர் கூறும் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவற்றுள் பலவற்றில் பைத்தான் இருக்கும். அதன் அடிப்படை நூலகத்திலேயே எக்ஸ்எம்எல் படிக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. ஷெல் ஸ்கிரிப்டின் நடுவே நான்கு வரிப் பைத்தானை அழைப்பது இழுக்கன்று. இரண்டும் இல்லாத இடத்தில் கிரெப்பை உபயோகிக்கலாம். வரும் வரிகளை ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தானே இயங்கும் ஸ்கிரிப்டிடம் அம்முடிவை ஒப்படைக்கலாகாது.

இன்னும் ஒன்று. டாம்கேட் தன் கோப்பில் எண்ணுக்குப் பதிலாக ஒரு மாறியின் பெயரை எழுதவும் அனுமதிக்கிறது. இயங்கத் தொடங்கும்போது அது எண்ணாக மாறும். புரோட்டோகால் பண்பிலும் ஏஜேபி/1.3 என்பதற்குப் பதிலாக ஒரு ஜாவா வகுப்பின் முழுப்பெயர் இருக்கக்கூடும். அத்தகைய நிலையில் எந்தக் கருவியாலும் கோப்பில் எழுதியிருப்பதையே சொல்ல முடியும். எந்த வாயில் உண்மையில் திறந்திருக்கிறது என்பதை, இயங்கும் கணிப்பொறியிலேயே எஸ்எஸ் என்னும் கட்டளையை இட்டுப் பார்த்து, இரண்டு விடைகளையும் பதிவேட்டில் அருகருகே எழுதுவது நலம்.