தடுப்பூசியும் தெருவின் கணக்கும்

1985-ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின்கீழ் மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு வயது நிறைந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரே அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றிருந்தனர். எஞ்சியோர் விடுபடுவதற்குப் பெற்றோரின் மறுப்பு மட்டும் காரணமன்று. குடிபெயரும் குடும்பத்தின் குழந்தை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமற் போவதும் ஒரு காரணமாகும்.

பெங்களூரில் கோரமங்கலத்தை அடுத்துள்ள ஈஜிபுராவை எடுத்துக்கொள்வோர்க்கு இது விளங்கும். அங்கிருந்த ஏழையர் குடியிருப்பு 2013 ஜனவரியில் இடிக்கப்பட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்களும் பல. சிலர் நடைபாதையிலேயே தங்கினர். ஏனையோர் பல இடங்களுக்குச் சிதறினர். இத்தகைய வேளையில், ஆறாவது வாரத்தில் ஊசி பெற்ற குழந்தை பத்தாவது, பதினான்காவது வாரங்களில் எங்கிருக்கும்? வீட்டெண்ணை மட்டும் கொண்ட பதிவேடு இதற்கு விடை கூறாது. அண்டை வீட்டார் கூறுவர்.

போலியோ ஒழிப்பில் இவ்வுண்மை புலப்பட்டது. 1995-ல் தொடங்கிய சொட்டு மருந்து இயக்கத்தில் ஊழியர்கள் காலப்போக்கில் வீடுதோறும் சென்று சுவரில் குறியிட்டனர். குழந்தைகளின் சுண்டுவிரலில் மையிட்டனர். செங்கற்சூளைகளிலும் கட்டட வேலையிடங்களிலும் தேடினர். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மறுப்பு நேருமிடத்தும் ஊராரின் துணை அவசியம். 2017 பிப்ரவரியில் கர்நாடகம், தமிழ்நாடு முதலிய பகுதிகளில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடைபெற்றபோது கைப்பேசி வழியே வதந்திகள் பரவின. பள்ளிகளிலும் ஊசி போடப்பட்டமையால் பெற்றோரின் ஐயங்கள் ஆசிரியரையே நாடின. அறிமுகமானவர் தாய்மொழியில் கூறும் சொல்லுக்குள்ள மதிப்பு சுவரொட்டிக்கு இல்லை.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தெருதோறும் மகளிர் குழுவினர் பிறப்பு, வருகை, வெளியேற்றம் ஆகியவற்றைக் குறித்து, மாதந்தோறும் ஆஷா ஊழியரிடம் ஒப்படைத்தல். இரண்டாவது, குடிபெயரும் தாய் தடுப்பூசி அட்டையைத் தவறாது உடன் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்துதல். மூன்றாவது, பள்ளியில் சேரும் குழந்தையின் அட்டையை ஆசிரியர் நோக்கி, குறையிருப்பின் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தல். அட்டை இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுத்தல் தகாது.

இவை அரசின் கடமையைக் குறைப்பனவல்ல. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஏற்ற நேரத்தில் ஊசி போடும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறையே செய்தல் வேண்டும். தட்டம்மை பரவாதிருக்க நூற்றுக்குச் சுமார் 95 பேர் தடுப்பாற்றல் பெற்றிருத்தல் வேண்டும். அந்த இறுதிச் சிலரை அறிந்திருப்பது அவர்கள் வாழும் தெருவேயாகும்.