மூன்று ஷிப்டும் மூன்று வேளையும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். ஓர் அறைக்கு நான்கைந்து பேராகத் தங்கியிருக்கின்றனர். ஒருவருக்குத் தொண்டை வலித்தால் அறைத் தோழர் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்தான் முதல் மருந்து. அது தீர்ந்தால் மருந்துக் கடையில் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கிக்கொள்கின்றனர். இது மருத்துவமன்று என்பதே நம் கருத்து.

சளி, இருமலும் பெரும்பாலான தொண்டை வலியும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. பாக்டீரியாவால் வந்த தொற்று என மருத்துவர் கண்டால்தான் வேளைக் கணக்கு தொடங்குகிறது. அமாக்சிசிலினின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவேதான் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை எனப் பெரும்பாலும் எழுதுகின்றனர். ஆலையின் ஏ, பி, சி ஷிப்டுகளைப் போல: ஒரு ஷிப்டு ஆள் வராவிட்டால் அந்த நேரம் கிருமிக்கு உரியது. அசித்ரோமைசினோ திசுக்களில் பல நாள் தங்குவது. அதனால் நாளுக்கு ஒன்றாகப் பல தொற்றுகளுக்கு 3 நாளே போதும். சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பெண்களுக்குத் தரும் நைட்ரோஃபுரன்டாயினை உணவோடு, வழக்கமாக 5 நாள் உண்ண வேண்டும். எரிச்சல் இரண்டாம் நாளே அடங்கிவிடும். அங்கேதான் நம் சகோதரிகள் பலர் நிறுத்திவிடுகின்றனர். குழந்தைக்கோ எடையை வைத்தே அளவு. அண்ணனின் மருந்தைத் தம்பிக்குப் பாதியாக ஊற்றுவது கணக்காகாது.

அளவும் மருந்தின் ஒரு பகுதியே என்பது நமக்குப் புதிதன்று. சகோதரனின் வயிற்று நோய்க்காக வந்தவரிடம் நபி (ஸல்) அவர்கள் தேன் புகட்டச் சொன்னதும், நோய் தணியவில்லை என அவர் திரும்பத் திரும்ப வந்தபோதும் அதையே சொன்னதும், இறுதியில் குணமானதும் புகாரியில் உள்ளன. மருந்து நோய்க்கு ஏற்ற அளவில் இருத்தல் வேண்டும்; குறைந்தால் நோயை நீக்காது, மிகுந்தால் உடலை வாட்டும் என்று இதற்கு இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்கம் எழுதினார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 751இல்.

ரமளானில் மூன்று வேளை மாத்திரையை ஸஹர், இஃப்தார் என இரண்டாகச் சுருக்கிக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்ற சலுகையை அல்பகராவின் 184, 185ஆம் வசனங்கள் தருகின்றன. நோன்பை விட மனமில்லாதவர் நாளுக்கு ஒருமுறை உண்ணும் மருந்து தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கட்டும். வேளையைத் தாமே மாற்ற வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்பார்கள். நியாயமான கவலைதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, மருந்துக்குக் காசில்லை. போதிய நாள் சந்தா செலுத்தியவருக்கு, சான்று பெற்ற நோய் விடுப்பில் சம்பளத்தின் 70 விழுக்காடு கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்கு அது கிடைப்பதில்லை, தொண்டை வலிக்காரருக்குத் தேவைப்படுவதோ அந்த இரண்டு நாள்தான். அதை ஆலைகள் சம்பளத்தோடு தர வேண்டும் எனத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து நம் ஜமாஅத்துகளும் கேட்கலாம்.