முகத்துவாரம் வரை யார் பொறுப்பு?

சென்னையின் தெற்குப் புறநகர்களில் பெய்யும் மழை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் வந்து தேங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரும் அங்கேதான் சேர்கிறது. அது வெளியேற ஒக்கியம் மடுவுதான் முக்கிய வழி. மடுவிலிருந்து கிழக்கே கடல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். தண்ணீரோ நேரே அங்கே போவதில்லை. பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே பத்து கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. இந்த வழி அடைபட்டால் தென்சென்னை மூழ்கும். இந்த வழி அடைபட்டு வருகிறது.

கடலோரச் சமவெளியில் நிலத்துக்கு வாட்டம் மிகக் குறைவு. பக்கிங்காம் கால்வாய் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. வெள்ளத்தை விரைந்து இழுத்துச் செல்லும் சரிவு அதற்கு இல்லை. புயல் நேரத்தில் கடல் மட்டமும் உயர்ந்து, வரும் நீரை எதிர்த்து நிற்கும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையையொட்டி மெல்ல நகர்ந்தபோது இதுதான் நடந்தது. இரு நாள்களில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மழை விட்ட பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை.

மழையின் இயல்பும் கடல் மட்டமும் மாறிவிட்டன. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 சதவீதம் கூடும். 1901க்கும் 2018க்கும் இடையே உலகின் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். இனியும் ஒவ்வொரு பெருமழையையும் எதிர்பாராதது என்று நிர்வாகம் சொல்வதை ஏற்க முடியாது.

மழையை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. தாழ்நிலத்தில் மண் கொட்டுவதை நிறுத்த முடியும். சதுப்புநிலத்தின் பெரும்பகுதி அரை நூற்றாண்டுக்குள் குப்பைக் கிடங்காகவும் சாலையாகவும் அடுக்குமாடியாகவும் அலுவலக வளாகமாகவும் மாறிவிட்டது. மிஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அது நல்ல முடிவு. அந்த எல்லைக்கு வெளியிலும் தண்ணீர் தங்கும் பள்ளங்கள் இருக்கின்றன. அங்கே நடப்பதைப் பாருங்கள். புதிய மனை, சாலை மட்டத்துக்கு மேல் மண் நிரப்பி உயர்த்தப்படுகிறது. அடுத்த மழையில் பக்கத்துத் தெருவின் பழைய வீடுகளில் முழங்கால் அளவு நீர் புகுகிறது. பிறகு அந்தத் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் புதுச் சாலை போடுகிறார்கள். தண்ணீர் அதற்கடுத்த தெருவுக்குப் போகிறது. கடைசித் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் வீட்டை உயர்த்தக் கையில் பணம் இல்லாதவர்கள். இதைத்தான் வளர்ச்சி என்று கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மழைநீர் வடிகால்கள் கட்டப்படுகின்றன, அவை வேண்டியவையே. ஆனால் வடிகால் சென்று விழும் கால்வாயில் நீர்மட்டம் ஏறி நின்றால், அதே வடிகால் வழியாக வெள்ளம் தெருவுக்குத் திரும்பும். கால்வாய்ப் பாலங்களின் கண்களை ஆகாயத்தாமரையும் முகத்துவாரத்தை மணலும் அடைத்திருக்கும்போது, தெருவில் புதைத்த கான்கிரீட்டால் பயன் இல்லை.

ஏரியைப் பராமரிப்பது ஒரு துறை, நிலவகையை மாற்றுவது இன்னொரு துறை. கட்டட அனுமதி தருவதும் பாலம் கட்டுவதும் வெவ்வேறு அமைப்புகள். வெள்ளம் வந்த பிறகு ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கைகாட்ட இடமிருக்கிறது. தாழ்நிலத்தில் அனுமதி வழங்கிய அமைப்பு பதில் சொல்ல வேண்டும். மடுவைத் தூர்வாரப் பொறுப்பேற்ற துறை பதில் சொல்ல வேண்டும். சதுப்புநிலத்திலிருந்து முகத்துவாரம் வரை முழு வழிக்கும் பதில் சொல்லும் ஒரே அதிகார அமைப்பைச் சட்டப்படி நியமிக்க வேண்டும். மற்றத் துறைகளின் அனுமதியைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் செய்யக்கூடியவை சில உண்டு. வெள்ளம் தங்கும் நிலங்களின் எல்லையைச் சர்வே எண்ணோடு வெளியிட வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய அனுமதிகளை நிறுத்த வேண்டும். மடுவிலும் கால்வாயிலும் நீர் செல்லும் அகலத்தை இடத்துக்கு இடம் அளந்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். முகத்துவாரத்தின் மணல் மேட்டை எந்தத் தேதிக்குள் வெட்டித் திறப்பார்கள், எந்தப் பதவியில் இருப்பவர் அதற்குப் பொறுப்பு என்பதை செப்டம்பர் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.