வெண்ணெயைக் குறைத்தேன், ருசியைக் குறைக்கவில்லை!



போன இதழில் காய்கறி சூப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கனமான விஷயம். எங்கள் வீட்டுக்காரருக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த கதையும், அதனால் எங்கள் வீட்டு 'ஷெப்பர்ட்ஸ் பை' இளைத்த கதையும் சொல்லப் போகிறேன்.

நாங்கள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடிவந்து 18 வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரம் நல்ல மார்கழிக் குளிர். இடுப்பில் நாலு மாதக் குழந்தை. புது வீட்டு அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்போது பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மாள் கதவைத் தட்டி, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டினார். "ஆட்டுக்கறிதான், சாப்பிடுவீர்களா?" என்று முதலில் கேட்டுக்கொண்டார். மேலே பொன்னிறமாக உருளைக்கிழங்கு, அடியில் ஆவி பறக்கும் கொத்துக்கறி. அதைச் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு உடம்பில் சூடே வந்தது. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஷெப்பர்ட்ஸ் பைதான்.

'பை' என்றதும் சட்டைப் பையை நினைக்காதீர்கள்! பொதுவாக மாவில் மூடி போட்டு அவனில் சுடுகிற பண்டத்தை இங்கே பை என்பார்கள். ஆனால் இதில் மாவே கிடையாது. மசித்த உருளைக்கிழங்குதான் மூடி. ஞாயிற்றுக்கிழமை சுட்ட கறியில் மீந்ததைத் திங்கட்கிழமை கொத்திப் போட்டு, மேலே கிழங்கைப் பரப்பிச் சுட்டுவிடுவது இந்த ஊர்ப் பெண்களின் பழைய சிக்கனம். 'காட்டேஜ் பை' என்ற பெயர் 1791-லேயே வழக்கில் இருந்திருக்கிறது. 'ஷெப்பர்ட்ஸ் பை' என்ற பெயர் 1850-களில்தான் வந்தது. ஷெப்பர்ட் என்றால் ஆடு மேய்ப்பவர் அல்லவா, அதனால் ஆட்டுக்கறி போட்டால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி போட்டால் காட்டேஜ் பை என்று இப்போது பிரித்துச் சொல்கிறார்கள்.

போன வருஷம் பிப்ரவரியில் இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், உணவு ஆலோசனை சொல்லும் பெண் என்னை உட்கார வைத்துப் பேசினார். வெண்ணெய், நெய், கறிக் கொழுப்பு, சீஸ் இவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் போகக்கூடாது, பெண்களுக்கு 20 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்த நாட்டுக் கணக்கு. நான் பயந்துபோனேன். ஆறு வாரம் அவருக்கு வேகவைத்த காய், கஞ்சி, தோல் உரித்த கோழித்துண்டு, இவ்வளவுதான். எனக்கும் பிள்ளைக்கும் தனிச் சமையல். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பெரிய பதிவிரதை மாதிரி பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன்.

ஒருநாள் துவைக்கப் போடும் முன் அவர் கோட்டுப் பையைத் துழாவினால் ஒரு ரசீது! பொரித்த மீனும் சிப்ஸும் விற்கிற கடை ரசீது. தேதி பார்த்தால் முந்தின நாள். அடியில் இன்னும் மூன்று.

"என்னங்க இது?" என்றேன். கை நடுங்கியது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிழைச்சு வந்துட்டோம்னு சந்தோஷமா இருந்தேன்மா. ஆனா தினம் தட்டைப் பார்த்தா, வியாதி வந்ததுக்கு நீ தண்டனை குடுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தட்டிலிருந்து எடுத்துவிட மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எடுத்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே!

மறுநாள் பாக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் விவரத்தை வைத்துக்கொண்டு, நான் வழக்கமாகச் செய்கிற பைக்குக் கணக்குப் போட்டேன். 20 சதவீதம் கொழுப்புள்ள கொத்துக்கறி 750 கிராம், அதில் கொழுப்பு 150 கிராம். வெண்ணெய் 100 கிராமில் 82. சீஸ் 100 கிராமில் 35. மொத்தம் 267 கிராம். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 44 கிராமுக்கு மேல்! அதில் 20 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே அவருடைய ஒரு நாள் அளவில் முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது.

குறைத்துச் செய்வது என்று இறங்கினேன். முதல் தடவை படுதோல்வி. கிழங்குக்குப் பாதி காலிஃபிளவர் சேர்த்தேன், சரி. ஆனால் அதைத் தண்ணீரில் போட்டு வேகவைத்தேன். கறியும் கொழுப்பும் குறைந்ததால் உள்ளே நீர்த்துக் கிடந்தது. அவனைத் திறந்து பார்த்தால் மூடி முழுக்க முங்கி, பாத்திரம் குளம் மாதிரி நிற்கிறது! பிள்ளை, "அம்மா, இது பையா, பாயசமா?" என்றான். நாலாவது தடவைதான் கைக்கு வந்தது. அந்த முறையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன்.

தேவையான பொருள்கள் (6 பேருக்கு):

கொழுப்பு குறைந்த (10 சதவீதம்) ஆட்டுக் கொத்துக்கறி – 400 கிராம்
மசூர் பருப்பு – 100 கிராம்
வெங்காயம் – 2, காரட் – 3, செலரி – 2 தண்டு, பூண்டு – 3 பல் (எல்லாம் பொடியாக நறுக்கியது)
தக்காளி விழுது – 2 மேஜைக்கரண்டி
வொர்ஸ்டர் சாஸ் – 1 மேஜைக்கரண்டி
ரோஸ்மேரி – 1 கொத்து, பிரிஞ்சி இலை – 1
பச்சைப் பட்டாணி – ஒரு கை
ஆலிவ் எண்ணெய் – 1 மேஜைக்கரண்டி
தண்ணீர் – 600 மி.லி.
உருளைக்கிழங்கு – 600 கிராம்
காலிஃபிளவர் – 500 கிராம்
பால் – 75 மி.லி.
கடுகு விழுது – 1 டீஸ்பூன்
நன்றாக முதிர்ந்த செடார் சீஸ் – 25 கிராம்
மிளகுத்தூள், உப்பு – தேவைக்கு

செய்முறை:

அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயே விடாமல் கொத்துக்கறியை இரண்டு தடவையாகப் போட்டு வறுங்கள். போட்டதும் கிளறாதீர்கள். அடியில் நன்றாகச் சிவந்த பிறகு திருப்புங்கள். ருசி முழுக்க இந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெந்துபோகும், சிவக்காது. கறியை வடிதட்டில் போட்டுக் கொழுப்பை வடித்துவிடுங்கள்.

அதே வாணலியில் எண்ணெய் விட்டு, நறுக்கிய காய்களைப் பத்து நிமிஷம் நிதானமாக வதக்குங்கள். தக்காளி விழுதைப் போட்டு நிறம் மாறும்வரை பிரட்டுங்கள். கறி, கழுவிய பருப்பு, இலைகள், சாஸ், தண்ணீர் சேர்த்து, மூடாமல் சிறு தீயில் அரை மணி வேகவிடுங்கள். பருப்பு கரைந்து கெட்டிப்படும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். அதுதான் பதம். பட்டாணியைப் போட்டு இறக்கி, இலைகளை எடுத்துவிட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு மூடி பரப்பினால் முங்கிவிடும்.

கிழங்கை வேகவைத்து வடியுங்கள். காலிஃபிளவரை ஆவியில் வேகவையுங்கள். இரண்டையும் வெறும் பாத்திரத்தில் போட்டு இரண்டு நிமிஷம் சிறு தீயில் ஈரம் போகப் பிரட்டி, சூடான பால், கடுகு விழுது, மிளகுத்தூள் சேர்த்து மசியுங்கள். கறியின் மேல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் பரப்பி, முள்கரண்டியால் வரிவரியாகக் கீறுங்கள். அந்த வரிகள்தான் மொறுமொறுவென்று சிவக்கும். சீஸைச் சன்னமாகத் துருவித் தூவி, 200 டிகிரி சூட்டில் 25 முதல் 30 நிமிஷம் வைத்தெடுங்கள். பத்து நிமிஷம் ஆறிய பிறகு வெட்டிப் பரிமாறுங்கள். கூடவே வேகவைத்த பச்சைக் காய் ஒன்று வையுங்கள்.

இப்போது கணக்கு: தலைக்குச் சுமார் 11 கிராம் கொழுப்பு. முன்பு இருந்ததில் நாலில் ஒரு பங்கு! நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்குள்.

சில குறிப்புகள்:

* வொர்ஸ்டர் சாஸில் நம்ம புளியும் நெத்திலி போன்ற மீனும் உண்டு. உப்பும் உண்டு. அதனால் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 6 கிராம் உப்புதான் இங்கே சொல்லும் அளவு.
* முதிர்ந்த சீஸ் கொஞ்சம் போட்டாலே மணக்கும். இளம் சீஸ் நிறையப் போட வேண்டிவரும்.
* சர்க்கரை உள்ளவர்கள் கிழங்கைக் குறைத்துக் காலிஃபிளவரைக் கூட்டலாம். இதோடு ரொட்டி வேண்டாம்.
* கறி சாப்பிடாதவர்கள் கறிக்குப் பதில் காளானும் இன்னும் கொஞ்சம் பருப்பும் சேர்க்கலாம்.
* உடம்புக்கு ஏற்றது எது என்பதில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதல்.

அந்த நாலாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டோம். அதுதான் எனக்குப் பெரிசு. "பருப்பு போட்டியாம்மா?" என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த சிவந்த வரியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு பங்கு கொண்டுபோனேன். எண்பது வயதாகிறது, தனியாக இருக்கிறார். மருமகளுக்குக் குறை சொல்லாத மாமியார் மாதிரி மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, "எழுதிக் கொடு" என்றார். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே!

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. மாத்திரைக்கும் காலை நடைக்கும் அதில் பெரும் பங்கு என்று தெரியும். இந்தப் பைக்கு எவ்வளவு என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

துவைக்கும் முன் கோட்டுப் பையை இன்னும் பார்க்கத்தான் செய்கிறேன். கைக்குட்டை மட்டும்தான் இருக்கிறது.