குளிர்மேல் போடும் பழி

“ஹீட் பம்பா? அதெல்லாம் குளிருக்கு ஆகாதுங்க. மைனஸ் பத்துக்குக் கீழே போனா பேக்கப்தான் வீட்டைக் காப்பாத்தும்.”

ஒட்டாவாவில் இந்த வாக்கியம் நவம்பரில் முதல் பனியோடு வந்து ஏப்ரலில் பனியோடு போகும். சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. மின்கட்டணம் எகிறியது நிஜம், வீடு வெதுவெதுப்பாகாமல் அவர்கள் அல்லாடியதும் நிஜம். காரணம்தான் தப்பு. பழியைக் குளிர்மேல் போடுகிறோம். நான் குற்றம் சாட்டுவது பேக்கப்பை நாம் வைத்திருக்கும் லட்சணத்தை.

அடிப்படையிலிருந்து வருவோம். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதல்லவா? அதே வேலைதான், இங்கே வெளிக்காற்றிலிருந்து எடுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. மைனஸ் 15-ல் என்ன வெப்பம் இருக்கும் என்று கேட்பார்கள். நமக்குத்தான் அது குளிர். இயற்பியலுக்கு அது 258 கெல்வின். குழாய்க்குள் ஓடும் திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 50-ஐ ஒட்டியே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 15 என்பது அடுப்பு மாதிரி.

இது நேற்று வந்த சிலிக்கான் பள்ளத்தாக்கு வித்தையும் இல்லை. கெல்வின் பிரபு இந்த யோசனையை 1852-லேயே எழுதிவிட்டார். சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938-ல் லிம்மாத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்பை வைத்தது. இன்று நார்வேயில் பத்துக்கு ஆறு வீடுகள் என்ற அளவுக்கு இது பரவியிருக்கிறது. நார்வே ஒன்றும் நாகர்கோவில் இல்லை.

சரி, பேக்கப் எதற்கு? குளிர் ஏற ஏற வீட்டின் தேவை கூடும், இயந்திரத்தின் கொள்ளளவு குறையும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் வெப்பநிலைக்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே பற்றாக்குறையை யாராவது ஈடுகட்ட வேண்டும். ஒட்டாவாவில் கட்டட விதிகள் மைனஸ் 25-ஐக் கணக்கில் வைத்து வீட்டைச் சூடாக்கச் சொல்கின்றன. ஆகவே “பேக்கப்பே வேண்டாம், தூக்கிப் போடு” என்று கிளம்பும் ஆர்வக்கோளாறுகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ஊறுகாய் வேண்டும்தான். ஊறுகாயையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு வயிறு எரிகிறது என்று சமையல்காரரைத் திட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

பல வீடுகளில் அந்த ஊறுகாய், காற்றுக்குழாய்க்குள் இருக்கும் மின்கம்பிச் சுருள். 10 கிலோவாட், 15 கிலோவாட் என்று வரும் ராட்சத டோஸ்டர். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. கடுங்குளிருக்கென்று எனர்ஜி ஸ்டார் முத்திரை பெறும் ஹீட் பம்ப், மைனஸ் 15-லும் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 1.75 யூனிட் வெப்பம் தர வேண்டும். அதாவது இயந்திரம் திணறும் நாளில்கூட கம்பிச்சுருள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இப்போது தெர்மோஸ்டாட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு எண்களுக்கு வருகிறேன். ஒன்று கம்ப்ரஸர் லாக்அவுட்: வெளியே இந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஹீட் பம்ப் நின்றுவிடும். மற்றது ஆக்ஸ் லாக்அவுட்: இந்த வெப்பநிலைக்கு மேலே பேக்கப் வரவே கூடாது. முதல் எண் இயந்திரத்தால் தாக்குப்பிடிக்க முடிகிற எல்லையில் இருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டின் சமநிலைப் புள்ளியை ஒட்டி இருக்க வேண்டும். என் வீட்டில் இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போனவர்கள் முதல் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார்கள். இரண்டாவதை வைக்கவே இல்லை. கையேடோ மைனஸ் 25 வரை ஓடும் என்கிறது. ஒட்டாவாவின் ஜனவரிச் சராசரியே மைனஸ் 10-ஐ ஒட்டியது. ஆக, குளிர்காலத்துக்காக வாங்கிய இயந்திரம் ஜனவரி முழுக்க விடுமுறையில் இருக்கும்படி திட்டமிடப்பட்டிருந்தது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 10-ல் ஒரு வீட்டுக்கு 6 கிலோவாட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். கம்பிச்சுருள் ஒரு நாளைக்கு 144 யூனிட் குடிக்கும். ஒன்றுக்கு 2.4 தரும் ஹீட் பம்ப் 60 யூனிட்டில் முடிக்கும். மிச்சம் 84 யூனிட், ஒரே நாளில். இதைக் குளிர் செய்யவில்லை. ஒரு எண் செய்தது.

ஏன் இப்படி வைக்கிறார்கள்? சதியெல்லாம் ஒன்றுமில்லை. வீடு குளிர்கிறது என்றால் வாடிக்கையாளர் நடுராத்திரியில் போன் போடுவார். பில் கூடுதலாக வந்தால் யாரும் மாட்டியவருக்குப் போன் போடுவதில்லை, மின்சார நிறுவனத்தைத் திட்டிவிட்டுக் கட்டுகிறார்கள். புகார் வராத பக்கமாகவே எண்ணைச் சாய்ப்பது மனித இயல்பு. நஷ்டம் மட்டும் எண்ணை வைத்தவருக்கு இல்லை. வாடகை வீட்டில் நிலைமை இன்னும் மோசம்: இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர். பில்லுக்குப் பயந்து 17 டிகிரியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்காரும் முதியவரிடம் போய்ச் சமநிலைப் புள்ளி பற்றிப் பேச முடியுமா?

பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. ராத்திரி நாலு டிகிரி குறைத்து வைத்துக் காலையில் ஏற்றுவது கேஸ் ஃபர்னஸ் காலத்துப் புத்திமதி. ஹீட் பம்ப் நிதானமாக ஏறும். நாலு டிகிரி இடைவெளியைப் பார்த்ததும் தெர்மோஸ்டாட் பதறிப்போய் பேக்கப்பைக் கூப்பிடும். ராத்திரி சேமித்தது காலை ஒரு மணி நேரத்தில் காலி. வெளி யூனிட்டில் பனி படிந்தால் இயந்திரம் சில நிமிடம் திசை மாறி ஓடி அதை உருக்கும், புகை மாதிரி ஆவி கிளம்பும். ரிப்பேராகிவிட்டது என்று நினைத்து ‘எமர்ஜென்சி ஹீட்’ பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. அது கம்ப்ரஸரை அடியோடு நிறுத்திவிடும். அந்தப் பொத்தான் இயந்திரம் செத்த நாளுக்கு மட்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலிலும் ஃபால்பேக் உண்டு: முதல் வழி தோற்றால் இரண்டாவது வழி. அதில் ஒரு பாலபாடம், ஃபால்பேக் ஓடினால் அது சத்தம் போட வேண்டும், பதிவாக வேண்டும். சத்தமில்லாமல் ஓடும் ஃபால்பேக் கொஞ்ச நாளில் முதல் வழியாகிவிடும், யாருக்கும் தெரியாது. வீட்டில் அதற்கு இருப்பதெல்லாம் தெர்மோஸ்டாட் மூலையில் ‘ஆக்ஸ்’ என்ற எறும்பளவு எழுத்து. நேற்று எத்தனை மணி நேரம் எரிந்தது என்று பல தெர்மோஸ்டாட்டுகள் வாயே திறப்பதில்லை.

இது வீட்டுக்குள் முடிகிற விஷயமும் இல்லை. 2022 டிசம்பர் கடுங்குளிரில் அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாகச் சுழற்சி முறையில் மின்வெட்டு செய்தது. மின்நிலையங்கள் குளிரில் பழுதானது பெரிய காரணம். ஆனால் வீடுகளை மின்சாரத்தால் சூடாக்குவது பரவலாக உள்ள வட்டாரம் அது. அத்தகைய ஊரில் எல்லார் வீட்டு டோஸ்டரும் ஒரே காலையில் எரிந்தால் மின்தேவை என்ன ஆகும் என்று ஊகிக்கப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

“கேஸ்தான் மலிவு” என்பார்கள். ஒன்டாரியோவில் அது நியாயமான வாதம். 2025 ஏப்ரல் 1-ல் நுகர்வோர் கார்பன் கட்டணம் போனபின் இன்னும் மலிவு. ஒரு கன மீட்டர் கேஸ் நல்ல ஃபர்னஸில் கிட்டத்தட்ட 10 யூனிட் வெப்பம் தரும். மின்சாரத்தின் யூனிட் விலையை கேஸ் வெப்பத்தின் யூனிட் விலையால் வகுங்கள். ஹீட் பம்ப் அந்த எண்ணைத் தொடாத வெப்பநிலையில், பணத்தை மட்டும் பார்த்தால், ஃபர்னஸுக்கு மாறுவது லாபம். அப்படிக் கணக்குப் போட்டு மாறுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது விலைவாசியின் தீர்ப்பு, இயந்திரத்தின் தோல்வி அல்ல. பேக்கப் மின்கம்பிச்சுருளாக இருக்கும் வீட்டிலோ இந்த வாதத்துக்கே இடமில்லை.

அரசு 2021-ல் தொடங்கிய பசுமை வீட்டு மானியம் ஹீட் பம்புக்கு 5,000 டாலர் வரை கொடுத்தது. தகுதியான மாடல்களுக்குப் பட்டியல் வைத்தது, வீட்டை மதிப்பிட ஆளும் அனுப்பியது. அடுத்த திட்டம் எதுவானாலும் இன்னும் மூன்றைச் சேர்க்கட்டும். வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிட்டு எழுதிய தாள். இரண்டு லாக்அவுட் எண்களும் ஏன் அப்படி என்ற காரணத்தோடு, கையெழுத்துடன். பேக்கப் எரிந்த மணி நேரத்தை மாதாமாதம் காட்டும் தெர்மோஸ்டாட். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை “குளிருக்கு ஆகாது” என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். “உங்க வீட்டுல கம்ப்ரஸர் எத்தனை டிகிரில நிக்குது? போன மாசம் பேக்கப் எத்தனை மணி நேரம் ஓடுச்சு?” என்று மட்டும் கேளுங்கள். தெரியாது என்றால், கூடப் போய் அந்த தெர்மோஸ்டாட் மெனுவைத் திறந்து பாருங்கள்.